பேண்டா, ஏபியா? அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் இசை வகுப்பைத் தொடர்வதும் விடுவதும்

ஜனவரி, பிப்ரவரி வந்தால் அமெரிக்கப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை முதன்முறையாக அதை நிரப்பும்போதே ஒரு கேள்வி எழும். ஐந்தாம், ஆறாம் வகுப்பிலிருந்து வாசித்துவரும் கிளாரினெட்டையோ வயோலாவையோ தொடர்வதா, அந்த பீரியடை ஒரு ஏபி (கல்லூரித் தரத்தில் நடக்கும்) வகுப்புக்குக் கொடுத்துவிடுவதா? பத்தாம் வகுப்பு முடியும்போது இதே கேள்வி இன்னும் அழுத்தமாகத் திரும்ப வரும்.

பல வீடுகளில் இதை இசைக்கும் ஏபிக்கும் நடக்கும் போட்டியாகவே பேசுகிறார்கள். பள்ளி அட்டவணையைப் பிரித்துப் பார்த்தால் அது அப்படி இல்லை. இசை வகுப்போடு பெரும்பாலும் மோதுபவை மூன்று: உடற்கல்வி, ஹெல்த் போன்ற கட்டாயப் பாடங்கள், நாளுக்கு எத்தனை பீரியட் என்ற கணக்கு, ஒரே ஒரு செக்‌ஷன் (பிரிவு) நடக்கும் இரண்டு வகுப்புகள் ஒரே நேரத்தில் வந்து விழுவது. இவற்றைக் கோடைக்காலத்திலும், பள்ளி தொடங்கும் முன் நடக்கும் ஜீரோ பீரியடிலும் தீர்த்துவிட்டால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு ஆண்டு இசையும் போதுமான ஏபிகளும் ஒரே அட்டவணையில் அடங்கும். அடங்காத நிலைமைகளும் உண்டு. எது எந்த நிலைமை என்று பிரித்தறிவதுதான் இங்கே வேலை.

முதலில் கட்டங்களை எண்ணுங்கள்

தேர்வு கடுமையான கல்லூரிகள் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், வேற்றுமொழி ஆகிய ஐந்தையும் நான்காண்டுகள் படித்திருந்தால் விரும்பும். ஒரு பாடத்துக்கு ஓராண்டுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் அது 20 கட்டம். இசை நான்காண்டுக்கு 4. கலிபோர்னியாவில் உடற்கல்வி இரண்டாண்டு கட்டாயம், எனவே இன்னும் 2. ஹெல்த் அரை ஆண்டு என்றால், கூட்டினால் 26.5.

நாளுக்கு 6 பீரியட் நடக்கும் பள்ளியில் நான்காண்டுக்கு மொத்தம் 24 கட்டம்தான் இருக்கிறது. அதாவது இரண்டரைக் கட்டம் உதைக்கும். 7 பீரியட் பள்ளியில் 28; ஒன்றரை மிஞ்சும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறிவரும் 8 பீரியட் பிளாக் முறையில் 32. தாராளமாக இடம் இருக்கும், அங்கே இந்த விவாதமே பெரிதாக எழுவதில்லை. அதனால் பக்கத்து ஊர்ப் பிள்ளை பேண்டையும் (காற்று, தாள வாத்தியக் குழு வகுப்பு) எட்டு ஏபியையும் சேர்த்து எடுத்தாளே என்று ஒப்பிடுவதற்கு முன்னால், அந்தப் பள்ளியில் எத்தனை பீரியட் என்று கேளுங்கள்.

4×4 பிளாக் முறை மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. அங்கே ஒரு செமஸ்டரில் நான்கு பாடம், ஒவ்வொன்றும் அரை ஆண்டிலேயே முடிந்துவிடும். ஆனால் பேண்ட் ஆண்டு முழுவதும் நடக்கும். ஆண்டுக்கு உள்ள எட்டுக் கட்டத்தில் இரண்டை அது எடுத்துக்கொள்ளும். இன்னொரு சிக்கல், இலையுதிர் செமஸ்டரில் படித்த ஏபிக்குத் தேர்வு மே மாதம்தான். நடுவில் நான்கு மாதம் அந்தப் பாடத்தைத் தொட வேலையே இருக்காது. இப்படிப்பட்ட பள்ளியில், கனமான ஏபிகளை வசந்த செமஸ்டரில் போடச் சொல்லி பிப்ரவரியிலேயே, பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி கவுன்சலரிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

இனி 6 பீரியட் கலிபோர்னியப் பள்ளி ஒன்றை எடுத்து நிரப்பிப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு: ஆங்கிலம், கணிதம், உயிரியல், ஸ்பானிஷ், உடற்கல்வி, பேண்ட். சமூக அறிவியலைப் பல பள்ளிகள் ஒன்பதில் கேட்பதில்லை. மாநிலம் கேட்பது மொத்தம் மூன்றாண்டு. பத்து: ஆங்கிலம், கணிதம், வேதியியல், ஸ்பானிஷ், உலக வரலாறு, பேண்ட். ஆறும் நிரம்பிவிட்டது, இரண்டாம் ஆண்டு உடற்கல்விக்கு இடமில்லை. பதினொன்று: ஏபி ஆங்கில மொழி, கணிதம், இயற்பியல், ஏபி அமெரிக்க வரலாறு, ஸ்பானிஷ், பேண்ட். பன்னிரண்டு: ஆங்கிலம், கால்குலஸ், ஓர் ஏபி அறிவியல், அரசியலும் பொருளாதாரமும், பேண்ட், கூடவே ஒரு காலியிடம்.

அட்டவணை முழுவதிலும் உதைப்பது பத்தாம் வகுப்பு உடற்கல்வி ஒன்றுதான். அதற்கு மூன்று வழி. அணிவகுத்து வாசிக்கும் மார்ச்சிங் பேண்ட் பருவத்தை உடற்கல்வி கிரெடிட்டாக ஏற்கும் மாவட்டங்கள் உண்டு. உங்கள் மாவட்டத்தின் விதி என்ன என்று கேட்க வேண்டும். டெக்சாஸில் இந்த மாற்று மாநில விதியிலேயே இடம்பெற்றிருக்கிறது. இரண்டாவது, கோடையில் முடிப்பது. மூன்றாவது, பன்னிரண்டாம் வகுப்பின் காலியிடத்துக்குத் தள்ளுவது. ஹெல்த்தையும் கோடையில் இணையவழி எடுத்துவிடலாம், ஆனால் பள்ளியின் ஒப்புதலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியில் படித்த பாடத்தை டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளி மதிப்பெண் பதிவேடு) ஏற்றப் பள்ளி மறுத்தால் கட்டிய பணமும் நேரமும் வீண்.

மொழிப் பாடத்தை ஏழு, எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிய பிள்ளைக்கு இன்னும் ஒரு கட்டம் காலியாகும். நடுநிலைப் பள்ளியில் எடுக்கும் இந்த ஒரு முடிவு பின்னால் ஒரு ஏபியின் இடத்தையே விடுவித்துத் தருகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஜிபிஏ எங்கே குறைகிறது, எங்கே குறைவதில்லை

இசையை விடச் சொல்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் வெயிட்டட் ஜிபிஏ, அதாவது கடினமான பாடங்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை.

ஏபியில் ஏ வாங்கினால் 5, சாதாரண வகுப்பில் ஏ வாங்கினால் 4 என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம். ஏழு வகுப்பு, எல்லாவற்றிலும் ஏ. ஐந்து ஏபி, ஒரு சாதாரணப் பாடம், பேண்ட். மொத்தம் 33, ஏழால் வகுத்தால் 4.71. பேண்டை எடுத்துவிட்டு ஆறாவதாக ஓர் ஏபி வைத்து அதிலும் ஏ வாங்கினால் 34, சராசரி 4.86. பேண்டை விட்டுவிட்டு மதிப்பெண் இல்லாத ஸ்டடி பீரியடை வைத்தாலும் 29-ஐ ஆறால் வகுக்க 4.83 வந்துவிடும். பேண்டில் ஏ வாங்கியும் சராசரி இறங்குகிறது என்று பிள்ளைகள் குமுறுவது இதனால்தான். ஆனால் அந்த ஆறாவது ஏபியில் பி வாங்கினால்? அதன் எடை 4. மொத்தம் மறுபடியும் 33, சராசரி 4.71, பேண்டோடு இருந்த அதே எண். இதற்குள் எடை சேர்க்காத ஜிபிஏ 4.0-இலிருந்து 3.86-க்கு இறங்கியிருக்கும். ஆறாவது ஏபியில் ஏ உறுதி என்றால்தான் இந்தப் பண்டமாற்றில் லாபம். மற்றபடி நட்டம்.

சுமார் 0.15 வரும் இந்த வித்தியாசம் எங்கே கனக்கும்? முதலில் டெக்சாஸில். அங்கே 1997-இல் வந்த சட்டப்படி வகுப்பின் முதல் 10 சதவீத மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் மட்டும் அந்த வரம்பை இறுக்கிக்கொண்டே வந்து, 2026 சேர்க்கைக்கு முதல் 5 சதவீதம் என்று வைத்திருக்கிறது. ரேங்க் பட்டியலில் நூறில் ஒரு பங்கு வித்தியாசமும் சில இடங்களைத் தள்ளிவிடும். அதனால் டெக்சாஸ் பெற்றோர் முதலில் மாவட்டத்தின் ஜிபிஏ விதியைப் படிக்க வேண்டும். சில மாவட்டங்கள் முக்கியப் பாடங்களை மட்டுமே ரேங்குக்கு எடுக்கின்றன. சில மாவட்டங்களில் தொடர்ந்து எடுக்கும் இசை வகுப்பை ஜிபிஏவில் சேர்க்காமல் விடும் வசதி உண்டு, ஆனால் அதற்கான படிவத்தைக் குறித்த தேதிக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தைத் தவறவிட்டு மூன்றாண்டு பேண்ட் மதிப்பெண்களும் சராசரியில் கலந்துவிட்டால், பிறகு எடுக்க முடியாது. இன்னொரு பக்கம், தானியங்கிச் சேர்க்கைக்குத் தேவையான உயர் தகுதிக்கு ஓர் எண்டார்ஸ்மென்ட் (ஒரு துறையில் தொடர்ந்து பாடங்கள் எடுத்ததற்கான சான்று) வேண்டும். ஒரே கலைத் துறையில் நான்கு கிரெடிட் எடுத்தால் கலை, மானுடவியல் எண்டார்ஸ்மென்ட் கிடைத்துவிடும். இசை அங்கே கணக்கில் உதவுகிறது.

கலிபோர்னியா முற்றிலும் வேறு. யூசி எனப்படும் கலிபோர்னியப் பல்கலைக்கழகங்கள் பத்து, பதினொன்றாம் வகுப்புகளின் ஏ-ஜி பாடங்களை (சேர்க்கைக்குக் கேட்கும், ஏ முதல் ஜி வரை பிரித்த பாடங்கள்) வைத்துத்தான் ஜிபிஏ கணக்கிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அந்தக் கணக்கில் வராது. ஏபி, ஆனர்ஸ் என்னும் கடினமான வகுப்புகளுக்கான கூடுதல் புள்ளி அதிகபட்சம் 8 செமஸ்டருக்கு, அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து 4 செமஸ்டருக்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் நடக்கும் நான்கு ஏபி வகுப்புகளிலேயே அந்த வரம்பு நிறைந்துவிடும். இரண்டாண்டில் 24 செமஸ்டர் மதிப்பெண், எல்லாம் ஏ என்றால் 96 கூட்டல் 8, 24-ஆல் வகுக்க 4.33. நான்கு ஏபியோடு பேண்டும் இருந்தாலும் 4.33. பேண்டை எடுத்துவிட்டு ஐந்தாவது ஏபி வைத்தாலும் அதே 4.33. வரம்பில்லாத ஜிபிஏவையும் மொத்தக் கடினப் பாடங்களின் எண்ணிக்கையையும் விண்ணப்பம் படிப்பவர்கள் பார்ப்பார்கள் என்பது சரிதான், ஆனாலும் ஜிபிஏவுக்காக என்று சொல்லி ஐந்தாவது ஏபிக்கு இசையைப் பலியிடத் தேவையில்லை. தவிர, ஏ-ஜி பட்டியலில் எஃப் பிரிவு ஓராண்டு கலைப் பாடத்தைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஒப்புதல் பெற்ற பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர் (பாடற்குழு) வகுப்பு அதை முதலாண்டிலேயே தீர்த்துவிடும்.

ஜார்ஜியா பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் ஐந்து முக்கியப் பாடங்களை மட்டும் வைத்து ஜிபிஏவைத் தாங்களே மறுபடி கணக்கிடுகின்றன. அங்கே பேண்ட் சராசரியை ஏற்றவும் செய்யாது, இறக்கவும் செய்யாது.

தனியார் கல்லூரிகளில் பார்ப்பது வேறொரு தாள். பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கவுன்சலர் நிரப்பும் பள்ளி அறிக்கையில் ஒரு கேள்வி உண்டு: இதே பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவரின் பாடத் தேர்வு எவ்வளவு கடினமானது? அதன் உச்சப் படியில் டிக் விழ எத்தனை ஏபி வேண்டும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். சில பள்ளிகளில் ஐந்தே போதும், சில இடங்களில் பத்து இருந்தாலும் தயங்குவார்கள். பத்தாம் வகுப்பிலேயே கவுன்சலரிடம் நேராகக் கேளுங்கள்: "நான்காண்டு இசையோடு இத்தனை ஏபி எடுத்தால் அந்த உச்சப் படியில் குறிப்பீர்களா?" இந்த ஒரு பதில் கிடைத்தால் வீட்டில் நடக்கும் பாதி வாதம் அடங்கிவிடும்.

நான்கு வழிகள், நான்கு விலைகள்

நான்காண்டும் பள்ளி இசையில் இருப்பது முதல் வழி. எண்ணிக்கையில் இரண்டு மூன்று ஏபி குறையலாம். கிடைப்பது ஒரே துறையில் ஆழம். செக்‌ஷன் லீடர், டிரம் மேஜர் போன்ற பொறுப்புகள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பில்தான் கைக்கு வரும். அதற்கான தேர்வு பெரும்பாலும் முந்தைய வசந்தத்தில் நடக்கும். மண்டலம், ஏரியா, மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் டெக்சாஸ் ஆல்-ஸ்டேட் (மாநில மாணவர் இசைக்குழு) தேர்வு போன்றவற்றிலும் மூத்த வகுப்பில்தான் பெரும்பாலானவர்கள் உச்சத்துக்கு வருகிறார்கள். பொறியியல், உயிரியல், பொருளாதாரம் படிக்கப்போகும் பிள்ளைக்கும் இதுவே நல்ல வழி என்பது எங்கள் கருத்து, ஒரு நிபந்தனையோடு: கால்குலஸும் இயற்பியலும் அட்டவணையில் இருக்க வேண்டும். பொறியியல் கேட்கும் பிள்ளை பேண்டுக்காக இயற்பியலை விடுவது தவறு. ஏபி உளவியலையோ ஏபி சூழலியலையோ விடுவது தவறில்லை.

இரண்டாவது, பத்தாம் வகுப்போடு நிறுத்துவது. அதிகம் பேர் செய்வது இதைத்தான், விலை அதிகமானதும் இதுதான். காமன் ஆப்பில் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் எந்தெந்த வகுப்பில் செய்தீர்கள் என்று குறிக்க வேண்டும். 9, 10 மட்டும் குறித்த ஒரு வரி அங்கே அப்படியே தெரியும். உழைப்பின் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிட்டு, பலன் தெரியும் இரண்டாண்டுகளை விட்டுவிடுவதாகிறது. ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே வாத்தியத்தில் மனமில்லை என்றால், ஒன்பதின் தொடக்கத்திலேயே நிறுத்தி வேறொன்றைத் தொடங்குவது இதைவிட மேல். ரோபாட்டிக்ஸோ விவாத மேடையோ அப்போது தொடங்கினால் அதற்கு முழு நான்காண்டு கிடைக்கும்.

மூன்றாவது, பள்ளி வகுப்பை விட்டுவிட்டு இசையை வெளியில் வைத்துக்கொள்வது: தனி ஆசிரியர், ஊர் இளைஞர் ஆர்கெஸ்ட்ரா, வார இறுதிப் பயிற்சி. வயலின், செல்லோ, பியானோ பிள்ளைகளுக்கு இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அவர்கள் தரத்துக்கு ஏற்ற குழு பெரும்பாலும் பள்ளிக்கு வெளியில்தான் இருக்கும். டிரம்பெட், டியூபா, தாளவாத்தியப் பிள்ளைகளுக்கு வெளிக் குழு கிடைப்பது கடினம். பள்ளியை விட்டால் தனியாக அறையில் வாசிப்பதுதான் மிஞ்சும், ஓராண்டில் ஆர்வம் வற்றிவிடும். இந்த வழியில் ஒரு பீரியட் மிச்சம். ஆனால் டிரான்ஸ்கிரிப்டில் இசை இருக்காது, கலை கிரெடிட்டை வேறு வகுப்பில் நிரப்ப வேண்டும்.

நான்காவது, குழு வகுப்புக்குப் பதில் ஏபி மியூசிக் தியரி. எடை கிடைக்கும், எஃப் பிரிவும் நிறையும் என்பதால் இது கவர்ச்சியாகத் தெரியும். குழுவில் வாசிப்பதற்கு இது மாற்று இல்லை. தேர்வில் கேட்பவை வேறு: கேட்ட மெட்டை ஐந்து கோட்டு ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதுவது, நான்கு குரல்களின் ஹார்மனி நகர்வை எழுதுவது, முன்பின் பார்க்காத வரியைப் பார்த்தவுடன் பாடுவது. வாத்தியத்தை விரலால் மட்டும் பழகிய பிள்ளைகள் எழுத்துப் பகுதியில் தேறி, காதால் கேட்டு எழுதும் பகுதியில் விழுகிறார்கள். செப்டம்பரிலிருந்தே தினமும் பத்து நிமிடம் பாடியும் எழுதியும் பழகினால்தான் மே மாதம் கை கொடுக்கும். பியானோ தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. குழு வகுப்போடு சேர்த்து, பதினொன்றிலோ பன்னிரண்டிலோ எடுக்கும்போதுதான் இந்த ஏபிக்கு முழுப் பொருள்.

ஆறு பாடக் குழுக்கள் கொண்ட சர்வதேசத் திட்டமான ஐபி டிப்ளமா நடக்கும் பள்ளியில் கேள்வி இன்னும் கூர்மையாகும். ஆறாவது குழுவில் இசையை எடுக்கலாம், அல்லது அந்த இடத்தில் இரண்டாவது அறிவியலை வைக்கலாம். மருத்துவமோ பொறியியலோ நோக்கும் பிள்ளைகள் அறிவியலைத்தான் வைக்கிறார்கள். அங்கே இசைக்கு மூன்றாவது வழியே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேண்ட் வேறு, ஆர்கெஸ்ட்ரா வேறு

இசை வகுப்பு என்று பொதுவாகப் பேசுவதில் ஒரு பெரிய வித்தியாசம் மறைந்துபோகிறது. ஆர்கெஸ்ட்ராவும் கொயரும் ஒரு பீரியட், ஆண்டுக்குச் சில மாலைக் கச்சேரிகள், கச்சேரிக்கு முந்தைய வாரம் கூடுதல் ஒத்திகை என்று முடியும். பல பள்ளிகளில் பேண்டில் சேர்ந்தால் மார்ச்சிங்கும் கட்டாயம். ஆகஸ்ட் வெயிலில் பேண்ட் கேம்ப், வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம், சனிக்கிழமை போட்டி என்று நவம்பர் தொடக்கம் வரை ஓடும். டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பின் விதிப்படி பள்ளி நேரத்துக்கு வெளியே வாரம் 8 மணி நேரத்துக்கு மேல் மார்ச்சிங் ஒத்திகை கூடாது. ஆனால் ஆட்டமும் போட்டியும் அந்த எட்டில் சேராது. ஆட்டம், போட்டி நாளில் வாம்-அப்புக்குத் தனியாக நேரம் உண்டு. வெள்ளி மாலையும் சனி முழுதும் சேர்ந்தால் வாரம் பதினைந்து மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். கட்டணமும் சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்துக்கு மேல் போகும்.

இதன் பொருள், பேண்ட் பிள்ளையின் ஆண்டு சமமாகப் பரவியது இல்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மூச்சு முட்டும், நவம்பருக்குப் பிறகு இலகுவாகும். ஏபிகளைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணிக்கையைவிட அவற்றின் சுமை எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். ஏபி அமெரிக்க வரலாறு, ஏபி ஆங்கில மொழி, ஏபி வேதியியல் மூன்றும் முதல் வாரத்திலிருந்தே வாசிப்பும் ஆய்வறிக்கையுமாக அழுத்தும். பதினொன்றாம் வகுப்பு இலையுதிரில் இந்த மூன்றையும் மார்ச்சிங்கோடு சேர்த்து வைத்தால் முதலில் போவது தூக்கம், அடுத்துப் போவது மதிப்பெண். மூன்றில் ஒன்றைப் பன்னிரண்டுக்குத் தள்ளுங்கள். பன்னிரண்டிலும் ஒரு பொறி இருக்கிறது: முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகளின் கெடு நவம்பர் 1. மார்ச்சிங் இறுதிப் போட்டிகளும் அதே வாரங்களில். கட்டுரைகளை ஜூலையில் எழுதி முடிக்காத பேண்ட் பிள்ளை அக்டோபரில் திணறும்.

டெக்சாஸில் இன்னொன்றும் உண்டு. மதிப்பெண் போடும் ஒவ்வொரு காலகட்டத்தின் முடிவிலும் எந்தப் பாடத்திலாவது 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் மேடை கிடையாது. ஏபி, ஆனர்ஸ் பாடங்களுக்கு மாவட்டம் விலக்குத் தரலாம்; எந்தப் பாடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று ஆகஸ்டிலேயே பார்த்துவைத்தால் அக்டோபரில் அதிர்ச்சி இருக்காது.

ஒரே செக்‌ஷன், ஒரே பீரியட்

மேல்நிலை பேண்டான விண்ட் என்செம்பிளுக்கு ஒரே செக்‌ஷன்தான் இருக்கும். ஏபி இயற்பியல் சி, ஏபி பிரெஞ்சு போன்றவற்றுக்கும் ஒரே செக்‌ஷன். இரண்டும் மூன்றாம் பீரியடில் விழுந்தால் கணினி ஒன்றைத் தூக்கிவிடும். எதைத் தூக்கியது என்பது ஆகஸ்டில் அட்டவணை கைக்கு வரும்போதுதான் தெரியும். அப்போது கவுன்சலர் அறை வாசலில் நிற்பதில் பயன் குறைவு, மாஸ்டர் அட்டவணை முடிந்திருக்கும். செய்ய வேண்டியது பிப்ரவரி, மார்ச்சில். பிள்ளை எடுக்க நினைக்கும் பாடங்களில் எவை ஒற்றைச் செக்‌ஷன் என்று கேட்டு, மோதக்கூடிய இரண்டையும் பேண்ட் இயக்குநருக்கும் கவுன்சலருக்கும் ஒரே மின்னஞ்சலில் தெரிவியுங்கள். இதே மோதல் ஐந்தாறு பிள்ளைகளுக்கு இருப்பது தெரிந்தால் பள்ளி ஒன்றை நகர்த்தும். ஒவ்வொருவராகத் தனித்தனியே போய்ச் சொன்னால் நகர்த்தாது.

அப்படியும் மோதினால், இசையை அசைக்காமல் ஏபியை அசைக்கப் பாருங்கள், ஏனென்றால் ஏபிக்கு மாற்று இடங்கள் இருக்கின்றன, விண்ட் என்செம்பிளுக்கு இல்லை. அடுத்த ஆண்டு எடுக்கலாம். இணையவழி எடுக்கலாம். சமூகக் கல்லூரியில் எடுக்கலாம்: கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அங்கே பெரும்பாலும் பயிற்சிக் கட்டணம் கிடையாது, யூசிக்கு மாற்றத் தகுதியுள்ள 3 யூனிட் பாடம் ஒரு செமஸ்டரிலேயே ஓராண்டு உயர்நிலைப் பாடத்துக்குச் சமமாகக் கொள்ளப்படும். மாலை வகுப்பாகப் போட்டால் மார்ச்சிங்கோடு மோதும், அதனால் வசந்தத்திலோ கோடையிலோ வையுங்கள். ஏபி வேதியியல் ஆய்வகத்துக்கு இரட்டை பீரியட் கேட்கும் பள்ளிகளில், வாரம் சில நாள் ஆய்வகம், மற்ற நாள் பேண்ட் என்று பிரித்துத்தர இயக்குநர்கள் சம்மதிப்பதுண்டு. குழுவில் ஒரே பசூன் உங்கள் பிள்ளைதான் என்றால் சம்மதம் இன்னும் எளிதாகக் கிடைக்கும்.

ஜாஸ் பேண்ட் காலை ஏழு மணி ஜீரோ பீரியடில் நடந்தால் இடம் மிச்சம்தான். ஆனால் ஜீரோ பீரியடையும் மார்ச்சிங்கையும் ஒரே ஆண்டில் வைக்க வேண்டாம். இரவு பதினொன்றரைக்கு வீட்டுப்பாடம் முடித்த பிள்ளை காலை ஆறுக்கு எழ வேண்டியிருக்கும்.

கர்நாடக இசை கற்கும் பிள்ளைகளுக்கு

அமெரிக்கத் தமிழ் வீடுகளில் மூன்றாவது ஒரு தராசுத் தட்டும் இருக்கிறது. பாட்டு, வீணை, மிருதங்க வகுப்பு பள்ளிக்கு வெளியே நடக்கிறது; எவ்வளவு ஆழமாகக் கற்றாலும் டிரான்ஸ்கிரிப்டில் ஏறாத வெளி வகுப்பு ஏ-ஜி கணக்கில் எஃப் பிரிவை நிரப்பாது. பள்ளியில் கொயரோ ஆர்கெஸ்ட்ராவோ ஓராண்டு எடுப்பது அதைத் தீர்க்கும். நான்காண்டும் இரண்டு இசையையும் சுமப்பது எல்லாப் பிள்ளைக்கும் முடியாது. கர்நாடக இசைதான் உயிர் என்றால், பள்ளியில் ஓராண்டு கலைப் பாடத்தோடு நிறுத்திக்கொண்டு அந்த பீரியடை ஏபிக்குக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது வழி இவர்களுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

ஏபி மியூசிக் தியரியில் இவர்களுக்கு ஒரு முன்னிலை உண்டு. சுருதியை வைத்து ஸ்வரம் பாடிப் பழகிய காது, பார்த்துப் பாடும் பகுதிக்கு அப்படியே உதவும். புதிதாக இருப்பது ஸ்டாஃப் நோட்டேஷனும் ஹார்மனியும்; முந்தைய கோடையில் அவற்றுக்கு இரண்டு மாதம் ஒதுக்க வேண்டும். நாட்காட்டியிலும் கவனம் வேண்டும். 1978-இல் தொடங்கிய கிளீவ்லேண்ட் தியாகராஜ ஆராதனை வசந்தத்தில் நடக்கிறது. ஏபி தேர்வுகள் மே முதல் இரண்டு வாரங்களில். போட்டிக்குத் தயாராகும் ஆண்டில் ஏபி எண்ணிக்கையை மூன்றுக்குள் வையுங்கள்.

விண்ணப்பத்தில் எழுதும் விதம் முக்கியம். காமன் ஆப் ஒரு செயல்பாட்டுக்குத் தரும் விளக்க இடம் 150 எழுத்து, யூசி தருவது 350. "அரங்கேற்றம்" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. பக்கவாத்தியத்தோடு இரண்டரை மணி நேரத் தனிக் கச்சேரி, இத்தனை உருப்படி, இத்தனை ஆண்டுப் பயிற்சி என்று எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்பதை உள்ளபடி குறியுங்கள். குருவிடம் கூடுதல் பரிந்துரைக் கடிதம் வாங்கலாம், கல்லூரி அனுமதித்தால். எம்ஐடி, யேல் போன்றவை இசைப் பதிவுகளை ஏற்கின்றன. யூசி, கலைத் துறைக்கு விண்ணப்பிக்காதவர்களிடம் பதிவுகளைக் கேட்பதில்லை. பதிவு அனுப்பினால் அதை இசைத் துறையினரே கேட்கக்கூடும், எனவே குருவே தயங்கும் பதிவை அனுப்ப வேண்டாம்.

இசையையே பட்டமாகப் படிக்க நினைத்தால்

இங்கே கணக்கு தலைகீழ். கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரிகளுக்கு முன்தேர்வுக்கான இசைப் பதிவை அனுப்புவது பெரும்பாலும் டிசம்பர் 1-க்குள், நேரில் வாசித்துக் காட்டும் ஆடிஷன் ஜனவரி முதல் மார்ச் வரை. பன்னிரண்டாம் வகுப்பில் தினமும் மூன்று மணி நேரப் பயிற்சிக்கு இடம் வேண்டும். ஏபி இரண்டுக்கு மேல் வேண்டாம், அதில் ஒன்று மியூசிக் தியரி. ஓபர்லின், ஜான்ஸ் ஹாப்கின்ஸ்-பீபாடி, நார்த்வெஸ்டர்ன், ஹார்வர்ட்-நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி போன்ற இரட்டைப் பட்டத் திட்டங்கள் பெரும்பாலும் ஐந்தாண்டு. அவற்றில் இரண்டு வாசலிலும் தனித்தனியே தேற வேண்டும், ஆடிஷன் நன்றாக இருந்ததற்காகப் படிப்புப் பக்கம் தளர்த்த மாட்டார்கள். இதை நினைக்கும் பிள்ளை கனமான ஏபிகளைப் பதினொன்றுக்குள் முடித்துவிட வேண்டும்.

நடுவில் தடுமாறினால்

பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் மதிப்பெண் சரிந்து, பேண்டை உடனே நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், முதலில் இரண்டு தேதிகளைப் பாருங்கள். மார்ச்சிங் பருவம் முடியும் தேதி ஒன்று. அது மூன்று வாரத்தில் என்றால் காத்திருப்பது நல்லது, அதற்குப் பிறகு மாலைகள் திரும்பக் கிடைக்கும். டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ (பாடத்தை நடுவில் விட்டதற்கான குறி) விழாமல் பாடத்தை விடக் கடைசித் தேதி இன்னொன்று. பல பள்ளிகளில் அது செப்டம்பரிலேயே போய்விடும். நடுவில் பேண்டை விட்டால் அந்த பீரியடுக்கு வேறு பாடம் கிடைக்காது, ஸ்டடி ஹாலில் உட்கார வேண்டியதுதான். அடுத்த ஆண்டு திரும்பி வர மறுபடி ஆடிஷன் கொடுக்க வேண்டும். சரிவதற்குக் காரணம் ஒரு குறிப்பிட்ட ஏபி என்றால், அதிலிருந்து அதே பாடத்தின் ஆனர்ஸ் அல்லது சாதாரண செக்‌ஷனுக்கு இறங்க முடியுமா என்று கேளுங்கள். பல பள்ளிகள் முதல் செமஸ்டர் முடிவில் இதை அனுமதிக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில், விண்ணப்பம் அனுப்பிய பிறகு எந்தப் பாடத்தை மாற்றினாலும் விண்ணப்பித்த கல்லூரிகளுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இடம் கிடைத்த பிறகு என்றால், மாற்றுவதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.